பாரிஸுக்கு 65 ஆட்டம், நமக்கு 13

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கேள்வியின் சாரம் இது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்தால் நண்பர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்களாம். "பணம் புகுந்து ஐரோப்பிய கால்பந்தைக் கெடுத்துவிட்டது" என்பது ஒரு கட்சி. "இங்கே பணமே இல்லாமல் ஐ.எஸ்.எல். படுத்துக் கிடக்கிறது, நீ அங்கே போய் அழுகிறாயே" என்று இந்தியன் சூப்பர் லீக்கைப் பற்றிப் பேசுவது இரண்டாவது. மூன்றாவது கட்சிக்கு வி.ஏ.ஆர். என்ற வீடியோ நடுவர் முறை தவிர வேறு பேச்சே கிடையாது. யார் சொல்வது சரி, இதில் நம் ஊர் ஆட்டக்காரனுக்கு என்ன இருக்கிறது, ஓசூர் தாண்டி பெங்களூரு கண்டீரவா மைதானம் போய் ஆட்டம் பார்ப்பதில் இனி அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

முதல் இரண்டு கட்சிகளும் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டு பேரும் ஒரே நோயைப் பற்றிப் பேசவில்லை. அங்கே அஜீரணம், இங்கே பட்டினி. அஜீரணத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டைப் பட்டினி கிடப்பவனிடம் நீட்டினால் சண்டைதான் வரும். இரண்டையும் அளக்க ஒரே அளவுகோல் போதும்: ஒரு தொழில்முறை ஆட்டக்காரன் ஒரு வருடத்தில் எத்தனை நிஜமான ஆட்டம் ஆடுகிறான்? சம்பளம், ஸ்பான்சர், தரவரிசை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2024-25 சீசனில் பாரிஸ் சான் ஜெர்மைன் ஆடியது 65 ஆட்டம். பிரெஞ்சு லீக்கில் 34, பிரெஞ்சுக் கோப்பையில் 6, சூப்பர் கோப்பை 1, சாம்பியன்ஸ் லீக்கில் 17, அதற்கு மேல் 2025 ஜூன், ஜூலையில் அமெரிக்காவில் நடந்த 32 அணி கிளப் உலகக் கோப்பையில் 7. கடைசி ஆட்டத்தில் செல்சியிடம் 3-0 என்று தோற்றார்கள். சாம்பியன்ஸ் லீக்கே முன்பு 32 அணி, குழுவில் ஆளுக்கு 6 ஆட்டம் என்று இருந்தது. 2024 முதல் 36 அணி, முதல் கட்டத்தில் ஆளுக்கு 8 ஆட்டம். தேசிய அணிக்கு ஆடுகிறவர்களுக்கு அது தனிக் கணக்கு. மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி 2023-24 சீசனில் கிளப்புக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து 63 ஆட்டம் ஆடினார். 2024 செப்டம்பரில், இப்படியே போனால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று பேசினார். ஒரு வாரம் ஆகவில்லை, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தக் காயத்துக்கு ஆட்டச்சுமைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் களைத்த தொடை முழங்காலைத் தாங்காது என்பது எந்த பிசியோவுக்கும் தெரியும்.

இப்போது நம் பக்கம். அதே 2024-25 சீசனில் ஐ.எஸ்.எல். ஷீல்டையும் (லீக் பட்டியலில் முதலிடம்) கோப்பையையும் சேர்த்து வென்ற மோகன் பகான் அந்த லீக்கில் ஆடியது 24 ஆட்டம், கோப்பைக்கான கடைசிச் சுற்றான பிளேஆஃபில் 3. இறுதி ஆட்டம் 2025 ஏப்ரல் 12 அன்று கொல்கத்தாவில், பெங்களூரு எஃப்.சி. 2-1 என்று தோற்றது. அதன் பிறகு அடுத்த லீக் ஆட்டம் தொடங்கிய தேதி 2026 பிப்ரவரி 14. நடுவே பத்து மாதம். டூரண்ட் கோப்பை, சூப்பர் கோப்பை என்று ஆங்காங்கே சில ஆட்டங்கள் கிடைத்தன, அதுவும் எல்லா அணிக்கும் இல்லை. தாமதமாகத் தொடங்கிய அந்த சீசனுக்கும் 14 அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒரே ஒரு முறை மோதும் ஏற்பாடுதான்: மொத்தம் 91 ஆட்டம், அணிக்கு 13. பாரிஸின் 65-ஐ ஐந்தாக மடித்தால் நம்முடைய 13. உங்கள் டீக்கடைச் சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும்.

ஐ.எஸ்.எல். ஏன் படுத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். "ஊழல்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் அதிகம். நடந்தது அதைவிட அலுப்பூட்டும் விஷயம். 2010-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகள் அனைத்தையும் 15 வருடத்துக்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸிடம் கொடுத்தது. மொத்தம் 700 கோடி ரூபாய். பிற்காலத்தில் ஐ.எஸ்.எல்.லை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் இந்த ஒப்பந்தப்படி சம்மேளனத்துக்கு வருடம் 50 கோடி கட்டிவந்தது. ஒப்பந்தம் முடியும் தேதி 2025 டிசம்பர் 8. அதாவது 2025-26 சீசன் பாதியில் இருக்கும்போது லீக்கை நடத்துகிறவரின் உரிமை காலாவதியாகும். குத்தகை முடிய ஐந்து மாதம் இருக்கும்போது புதுக் குத்தகைக்கு வாய்மொழிகூட இல்லையென்றால் எந்த விவசாயி நாற்று விடுவான்? 2025 ஜூலையில் எஃப்.எஸ்.டி.எல். சீசனை நிறுத்திவைத்தது.

முன்கூட்டியே ஏன் புதுப்பிக்கவில்லை? சம்மேளனத்தின் சாசனம், அதாவது அதன் அடிப்படை விதிகள், பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தப் பேச்சு வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இதே விவகாரத்தின் முந்தைய அத்தியாயத்தில்தான் 2022 ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியாவைப் பதினோரு நாள் தடை செய்தது. நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் எழுதிய வரைவுச் சாசனத்தைச் சில திருத்தங்களுடன் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 19-ல் ஏற்றது. அதன்படி நாட்டின் முதல்நிலை லீக்கைச் சம்மேளனம்தான் நடத்த வேண்டும், டிவிஷன்களுக்கு இடையே மேலேறுதலும் கீழிறங்குதலும் அதில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு டெண்டர் விட்டார்கள். வருடத்துக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் 7 கெடு. ஒருவரும் விண்ணப்பம் போடவில்லை. அந்த ஆகஸ்டிலேயே பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்துவிட்டது. இந்தியாவில் ஒழுங்காக நடத்தப்படும் கிளப்புக்கு உதாரணமாகப் பலரும் சொல்லும் கிளப் அது. கடைசியில் ஜனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சரே வந்து தேதி அறிவிக்கும் நிலைமை.

ஏன் யாரும் டெண்டர் போடவில்லை என்பதற்குப் பெரிய பொருளாதார அறிவு வேண்டாம், ஒரு பேனா போதும். கண்டீரவாவில் ஓர் ஆட்டத்துக்கு 15,000 பேர், ஆளுக்குச் சராசரி 300 ரூபாய் டிக்கெட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 45 லட்சம். சொந்த மைதானத்தில் 12 ஆட்டம் என்றால் 5 கோடியே 40 லட்சம். ஐ.எஸ்.எல்.லில் சில சீசன்கள் அமலில் இருந்த சம்பள உச்சவரம்பு 16.5 கோடி. நிறைந்த மைதானம்கூட சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். பயணம், ஹோட்டல், மைதான வாடகை, இளையோர் அணிகள், லீக்குக்குக் கட்டிய ஃபிரான்சைஸ் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். மீதி டி.வி. உரிமையிலிருந்து வர வேண்டும். ஆனால் டி.வி. பணம் எங்கே வரும்? ஆட்டம் நிறைய இருக்கும் இடத்தில், வருடா வருடம் அதே மாதத்தில் நடக்கும் இடத்தில். ஐ.பி.எல். எப்போது வரும் என்று உங்கள் பாட்டிக்குத் தெரியும். ஐ.எஸ்.எல். எப்போது என்று அதில் ஆடுகிறவனுக்கே தெரியவில்லை. 13 ஆட்ட சீசனில் சொந்த மண்ணில் கிடைப்பது 6 அல்லது 7. ஆட்டத்துக்கு 45 லட்சம் என்ற கணக்கை 7-ஆல் பெருக்கினால் 3 கோடியே 15 லட்சம். ஆட்டம் குறைந்தால் பணம் குறைகிறது, பணம் குறைந்தால் ஆட்டம் குறைகிறது.

"வெளிநாட்டுக்காரன் அதிகமாக ஆடுவதால்தான் நம் பையன் வளரவில்லை" என்பதும் உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொல்லியிருப்பார். அதில் பாதி உண்மை இருக்கிறது. களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டினர் என்பது விதி. அந்த நால்வரில் ஒருவர் நிச்சயம் ஸ்டிரைக்கராகத்தான் இருப்பார், ஏனென்றால் கோல் போடுகிறவனைத்தான் காசு கொடுத்து வாங்குவார்கள். விளைவு, 2024-25 சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் 40 வயது சுனில் சேத்ரி, 14 கோல். தேசிய அணியிலிருந்து 2024 ஜூனில் விடைபெற்றவரை 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. லீக் நின்று ஏழு மாதமாகியிருந்த நாட்டின் அணி அது என்பதை மறந்துவிட்டுத்தான் அன்று எல்லோரும் பயிற்சியாளரைத் திட்டினார்கள். நாலு வெளிநாட்டினரை இரண்டாகக் குறைத்தால் மட்டும் ஸ்டிரைக்கர் முளைத்துவிட மாட்டான். 19 வயதில் அவனுக்கு வருடம் 30 ஆட்டம் கிடைக்க வேண்டும், எந்த டிவிஷனில் என்றாலும் சரி.

ஐரோப்பாவில் அஜீரணம் என்றேன் அல்லவா, அதன் கணக்கையும் தெரிந்துகொண்டால் முதல் கட்சிக்காரர் இன்னும் கூர்மையாகச் சண்டை போடலாம். அங்கே கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு உண்டு. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டு என்பது பல சீசன்களாக இருந்த வரம்பு. அதை மீறியதால் 2023-24-ல் எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, இன்னொரு குற்றத்துக்கு மேலும் 2 வெட்டினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. பிறகு கிளப்புகள் எப்படிச் சமாளிக்கின்றன? நம் கணக்கில் சொல்கிறேன். 100 கோடிக்கு ஒருவனை வாங்கி 5 வருட ஒப்பந்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 20 கோடிதான் செலவு. 8 வருடம் போட்டால் 12.5 கோடி. செல்சி 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸுக்கு எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது இதனால்தான். அந்த வருடமே ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ, பிரீமியர் லீக் இரண்டும், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் செலவைப் பரப்பக்கூடாது என்று விதியை இறுக்கின.

விற்கும்போது இன்னொரு வேடிக்கை. அந்த 100 கோடி ஆளை மூன்று வருடம் கழித்து 60 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் அவன் மதிப்பு அப்போது 40 கோடி, எனவே 20 கோடி லாபம். ஆனால் சொந்த அகாடமியில் சின்ன வயதிலிருந்து வளர்ந்த பையனுக்குப் புத்தகத்தில் வாங்கிய விலையே கிடையாது. அவனை 60 கோடிக்கு விற்றால் 60 கோடியும் லாபம். மேசன் மவுண்ட், கானர் கல்லகர் போன்ற சொந்தப் பிள்ளைகளை செல்சி விற்றதைக் கண்டு அந்த ஊர் ரசிகர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது இப்போது புரியும். வீண்செலவைத் தடுக்க எழுதிய விதி, வீட்டுப் பிள்ளையை முதலில் விற்கச் சொல்கிறது. இந்த விதிக்குப் பதிலாக, அணிக்கான செலவு வருவாயில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற முறை 2026-27 முதல் வர பிரீமியர் லீக் கிளப்புகள் வாக்களித்திருக்கின்றன. பிள்ளையை விற்கும் கணக்கு அதிலும் அழியப்போவதில்லை, ஏனென்றால் விற்பனை லாபமும் அந்தக் கணக்கில் வரவாகவே சேரும்.

பணம் என்றாலே கெடுதல் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பிரீமியர் லீக்கின் உள்நாட்டு டி.வி. பணத்தில் பாதியை எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள்; கால் பங்கு தரவரிசைப்படி, கால் பங்கு டி.வி.யில் காட்டிய ஆட்டங்களின்படி. கடைசி இடத்து அணிக்கும் வயிறு நிறைகிறது. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒன்றாவது உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது 50+1 விதி; லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போல விதிவிலக்குகளும் உண்டு. அந்த நாட்டில் ஹைடன்ஹைம் என்றொரு ஊர். மக்கள்தொகை சுமார் 50,000. தர்மபுரி நகராட்சியை விடச் சின்னது. கீழ் டிவிஷன்களிலிருந்து படிப்படியாக ஏறி 2023-ல் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவுக்கு வந்து, முதல் சீசனிலேயே எட்டாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கும் போனார்கள். கோடீஸ்வரர் யாரும் அவர்களை மேலே தூக்கிவிடவில்லை. ஏறுவதற்கு ஏணியில் எல்லாப் படியும் இருந்தது. நம்மிடம் ஐ.எஸ்.எல்., ஐ-லீக் என்று அறியப்பட்ட இரண்டாம் நிலை லீக், அதன் கீழே இரண்டாம் மூன்றாம் டிவிஷன் என்று காகிதத்தில் ஏணி இருக்கிறது. 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே வந்தன. 2018-19-ல் ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரில் ஆடிய அணி, மேலே வர அன்று வழியே இல்லை. இன்று அந்த அணி தேசிய லீக் எதிலும் இல்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் டீக்கடையில் முதலில் பேச வேண்டிய கதை இது. பாரிஸ் பிறகு வரட்டும்.

வி.ஏ.ஆர். கட்சிக்குச் சுருக்கமாக. அது தலையிடுவது நாலே இடத்தில்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை ஆள் மாறிப் போனது. இரண்டாவது மஞ்சள் அட்டை 2025-26 வரை அதில் சேராது. ஆஃப்சைடு பார்க்கும்போது கை கணக்கில்லை. அக்குளின் அடிப்பகுதி மட்டத்துக்குக் கீழே இருப்பதுதான் கை, அதற்கு மேலே தோள். ஐ.எஸ்.எல்.லில் வி.ஏ.ஆர். இல்லை என்பது பெரிய குறை என்பார்கள். ஆனால் ஐ.எஸ்.எல்.லின் மிகப் பெரிய நடுவர் ரகளை எது? 2023 மார்ச் 3, கண்டீரவா, பெங்களூரு - கேரளா பிளாஸ்டர்ஸ் பிளேஆஃப். கூடுதல் நேரத்தில் எதிரணி ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று சுவர் கட்டி முடிக்கும் முன்பே சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோலாக்கினார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் அணியையே மைதானத்தை விட்டு அழைத்துக்கொண்டு போனார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக்கை விசிலுக்குக் காத்திராமல் உடனே அடிக்கலாம். ஆனால் நடுவர் சுவரை 9.15 மீட்டருக்குத் தள்ளிவைக்கவோ அட்டை காட்டவோ இறங்கிவிட்டால், அதன் பிறகு விசில் கேட்டால்தான் அடிக்க வேண்டும். அன்றைய சண்டை, நடுவர் எந்த நிலையில் இருந்தார் என்பதில். அவர் வாயால் என்ன சொன்னார் என்பதை எந்த கேமரா காட்டும்? சுவீடனில் கிளப்புகள் உறுப்பினர்கள் கையில் இருப்பதால், ரசிகர்கள் சொன்னபடி கிளப்புகள் கை தூக்கி 2024-ல் வி.ஏ.ஆர். வேண்டாம் என்றே முடிவெடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அதே வருடம் வுல்வ்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 19-1 என்று தோற்றது. உங்கள் மைதானத்துக்கு உடனே தேவைப்படும் விதி வேறு: கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் 2025 ஜூலை முதல் எதிரணிக்கு கார்னர். கடைசி 5 விநாடியை நடுவர் கை தூக்கி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். முன்பிருந்த 6 விநாடி, இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்ற விதியை இன்னும் பிடித்துக்கொண்டு பல ஊர்களில் சண்டை நடக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி, நம் ஊர் ஆட்டக்காரனுக்கு இதில் என்ன? மேலே சொன்ன அதே பட்டினிதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வருடம் முழுக்க நடப்பவை நாக்-அவுட் டோர்னமென்ட்டுகள். 16 அணி வந்தால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணி ஒரே ஆட்டத்தோடு வேனில் ஏறிவிடும். பைனலுக்கு வருகிறவனுக்கே நாலு ஆட்டம்தான். அதற்குப் பதில் 8 அணி வைத்து இரண்டு சுற்று லீக் நடத்தினால் 56 ஆட்டம், அணிக்கு 14. ஐ.எஸ்.எல். 2025-26-ஐ விட ஒன்று கூடுதல்! ஒரே மைதானத்தில், ஒரே நாளில் 4 ஆட்டம் என்றால் 14 ஞாயிறில் முடிந்துவிடும்.

நேரக் கணக்கு இப்படி வரும். பாதிக்கு 35 நிமிடம், இடைவேளை 10, ஆக 80 நிமிடம். காலை 6.30, 8.00, மாலை 3.30, 5.00. 14 வாரத்தைத் தொடர்ச்சியாக எங்கே வைப்பது என்பதுதான் இந்த மாவட்டங்களில் சிக்கல். பொங்கல் முடிந்தால் ஞாயிறுதோறும் எருது விடும் விழா, அங்கே கூட்டத்தோடு உங்கள் பாதி அணியும் இருக்கும். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரை மாங்காய் சீசன், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துப் பையன்களுக்கு லோடு வேலை. ஜூன் மூன்றாவது ஞாயிறு தொடங்கி செப்டம்பர் நடுவில் முடிப்பதுதான் சுமாராக ஒத்துவரும். கடைசி சில வாரம் மழை தொந்தரவு செய்யும். எனவே அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறை சும்மா விட்டுவைக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் நிறைந்த அணிக்கு காலை 6.30 ஆட்டம் கொடுக்காதீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்து தூக்கக் கலக்கத்தில் ஓடித் தொடைத் தசையைப் பிடித்துக்கொள்வார்கள்.

செலவு பயமுறுத்தும் அளவு இல்லை. ஓர் ஆட்டத்துக்கு நடுவர், இரண்டு லைன்ஸ்மேன் மூவருக்கும் சேர்த்து 1,500 ரூபாய் என்று பேசினால் 56 ஆட்டத்துக்கு 84,000. எட்டாகப் பிரித்தால் அணிக்கு 10,500. 18 பேர் பகிர்ந்தால் தலைக்கு 583 ரூபாய், ஆட்டத்துக்கு 42 ரூபாய். வாடகை டர்ஃப் மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்குத் தலைக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பந்து ஐந்தாம் நம்பர், நாலு இருந்தால் போதும். எடை 410 முதல் 450 கிராம். மண் மைதானத்தில் தோல் தேய்ந்து மழையில் நீர் குடித்த பந்து இதைத் தாண்டிவிடும், தலையால் அடிக்கிறவனுக்குக் கெடுதல், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கெடுகிற இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றேதான். ஆறாவது, ஏழாவது வாரத்தில் கடைசி இடத்து அணி வருவதை நிறுத்தும். அதற்குத் தொடக்கத்திலேயே அணிக்கு 5,000 டெபாசிட் வாங்குங்கள். முதல் வாக்ஓவருக்கு (வராமல் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ஆட்டம்) பாதி போகும், இரண்டாவதுக்கு மீதியும் போகும், ஒழுங்காக ஆடி முடித்தால் முழுதும் திரும்பும். கடைசி இரண்டு அணி அடுத்த வருடம் தகுதிச் சுற்று ஆட வேண்டும் என்றும் எழுதிவையுங்கள், அப்போதுதான் ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் அர்த்தம் வரும். இன்னொன்று, நடு சீசனில் பெங்களூரிலிருந்து ஆள் இறக்குவது. 22 பேர் பட்டியல், ஏழாவது வாரம் முடிந்ததும் மூன்று பேர் வரை மாற்றலாம், அவ்வளவே. புள்ளி சமமானால் முதலில் அவர்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள், கோல் வித்தியாசம் பிறகு. வாக்ஓவருக்குக் கொடுக்கும் 3-0 கோல் வித்தியாசத்தைப் பொய்யாக்கிவிடும். கடைசி வாரத்தில் தெரிந்த அணிகள் "பேசிவைத்து" ஆடும் ஆபத்து வேறு. 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் கிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்றதும் பந்தை உருட்டிப் பொழுது போக்கி அல்ஜீரியாவை வெளியே தள்ளின. அதன் பிறகுதான் குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் முறை வந்தது. ஒரே மைதானம் உள்ள உங்களுக்கு அது முடியாது. முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களின் ஆட்டம் அன்று கடைசியாக வராமல், அடுத்தடுத்து வரும்படி 13-வது வாரத்துக்குப் பிறகு நேரத்தை மட்டும் மாற்றிப் போடுங்கள். நடுவர் முடிவு மீது செல்போன் வீடியோவை வைத்துப் புகார் கொடுக்க இடமே கொடுக்காதீர்கள். ஆள் தகுதி பற்றிய புகார் மட்டும், எழுத்தில், 24 மணி நேரத்துக்குள்.

பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அகாடமிக்காரர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் ஆட்டக்காரன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைபோனால், அந்த விலையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5. உங்களிடம் 12 முதல் 18 வயதுவரை ஏழு சீசன் இருந்த பையன் என்றால் 1-ம் 1.5-ம் சேர்த்து 2.5 சதவீதம், ஒரு கோடிக்கு விலைபோனால் இரண்டரை லட்சம். இரண்டு இந்திய கிளப்புகளுக்குள் நடக்கும் விற்பனைக்கு இது பொருந்தாது. முக்கியமான நிபந்தனை, அகாடமி மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் வழியாகப் பதிவான கிளப்பாக இருக்க வேண்டும், பையனை ஒவ்வொரு சீசனும் சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். என்ற ஆட்டக்காரர் இணையப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும். பதிவில்லாத வருடத்துக்குப் பைசா வராது. பெரும்பாலும் விட்டுப்போவது 12, 13 வயதுப் பதிவுதான், பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாமல். இன்ஷியலை முன்னே போட்டதா பின்னே போட்டதா என்பதிலேயே பாதி மாட்டும். சேர்க்கும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.

கண்டீரவா போவதில் அர்த்தமுண்டா என்றால், உண்டு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா - ஆர்.வி. ரோடு மஞ்சள் மெட்ரோ ஓடத் தொடங்கியபிறகு போவதும் பழைய கஷ்டமில்லை. ஓசூரிலிருந்து பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கே மெட்ரோ ஏறினால் சில்க் போர்டு நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறி கப்பன் பார்க்கில் இறங்கினால் மைதானம் நடக்கிற தூரம். இரவு 7.30 ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும், இரண்டு இடத்தில் மாற வேண்டும், எனவே கடைசி மஞ்சள் ரயிலின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை திரும்புகிறவர்கள் நேராகச் சாந்திநகர் பஸ் நிலையம் போய் சேலம் வண்டி பிடிப்பது உத்தமம். தடகள ஓடுபாதை நடுவில் இருப்பதால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் தூரத்து கோல் தெரியாது. டிக்கெட் ஒரே விலையென்றால் மேல் வரிசையைப் பிடியுங்கள்.